சிபியு பெட்டிக்குள் அடுப்புக்கரி வைக்கலாமா?

ஏற்காட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கம்ப்யூட்டருக்குள் அடுப்புக்கரியைத் துணியில் கட்டிப் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்கிறார் மாமனார். கரி கரண்ட்டைக் கடத்துமா? அடியில் அலுமினியத் தாள் விரிக்கலாமா?"

மாமனார் சொன்னது பாதி சரி. பீரோவுக்குள் போடுங்கள், துணியில் பூஞ்சை வாடை குறையும். சிபியுவுக்குள் வேண்டாம். கரி எல்லாம் ஒரே மாதிரி இருக்காது, குறைந்த சூட்டில் வெந்தது கிட்டத்தட்ட கடத்தாது, 700 டிகிரியைத் தாண்டி வெந்தது நன்றாகவே கடத்தும், ஒரே மூட்டையில் இரண்டும் கிடக்கும். மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள்: ஒரு துண்டில் எண்ணே வராது, பக்கத்துத் துண்டு சில நூறு ஓம் காட்டலாம். துண்டாவது பரவாயில்லை, தூள்தான் வில்லங்கம். ஃபேன் இழுக்கிற இழுப்பில் துணியின் இழை வழியாக வெளியேறி, மதர்போர்டில் மயிரிழை இடைவெளியில் நிற்கும் சிப் கால்களுக்கு நடுவே போய் உட்காரும்.

அலுமினியத் தாள் வேண்டவே வேண்டாம், பளபளப்பான பக்கம், மங்கல் பக்கம் இரண்டுமே கடத்தும். (உங்கள் சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் தாதுவிலிருந்து வரும் அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, கடத்தாது, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துவிட்டால் மின்கம்பியாகவே ஓடும் உலோகம்!)

அப்புறம், கடத்தாத பொருளையும் ஈரம் கெடுத்துவிடும். சேலம் பக்கம் தோண்டியெடுக்கிற வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், அதைச் சுட்டால் மெக்னீசியம் ஆக்சைடு. கீசர் ராடுக்குள் சுருள்கம்பியைச் சுற்றி இறுக்கி அடைத்திருப்பதும் மெக்னீசியம் ஆக்சைடு தூள்தான், சூட்டை விடும், கரண்ட்டை விடாது. ஆனால் ராடு முனையில் அடைப்பு விட்டு ஈரம் ஏறினால் கரண்ட் கசிய ஆரம்பித்து, கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கிற ஈஎல்சிபி சுவிட்ச் விழுந்துவிடும். மரமேசை, பருத்தித்துணி, விபூதி எல்லாம் இதே கதை.

சரி, என்னதான் செய்வது? தினமும் ஒரு மணி நேரமாவது கம்ப்யூட்டரை ஓட விடுங்கள், அதன் சொந்தச் சூடே ஈரத்தை விரட்டும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்கூட காற்றுத் துளையுள்ள பெட்டியில் வீண்தான், நாள்கணக்கில் ஊருக்குப் போகும்போது பிளக்கைப் பிடுங்கி, முழுப் பெட்டியையும் பாலித்தீன் பையில் ஜெல்லோடு கட்டி வைத்தால் உதவும். தகட்டில் நீர் முத்து தெரிந்தால் சுவிட்சையே தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு நாள் முழுக்க ஃபேன் காற்றில் காயட்டும். வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஈஎல்சிபி இல்லை என்றால் கம்ப்யூட்டரை அப்புறம் பார்க்கலாம், முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைப் போடுங்கள்.