பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பம் அட்டையில் முதலில் காந்தி இருந்தாராமே, உண்மையா? அந்தப் படம் எப்படி உருவானது?

உண்மைதான். 1967 மார்ச் 30 மாலை லண்டன் செல்சியில், புகைப்படக்காரர் மைக்கேல் கூப்பரின் ஸ்டூடியோவில் படம் எடுத்தபோது காந்தி வலப்பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அட்டை அச்சாகி வந்தபோது அவர் இல்லை. அவர் இருந்த இடத்தை ஓலை வரைந்து மூடிவிட்டார்கள்.

ஏன் மூட வேண்டியிருந்தது, பேசாமல் எடுத்துவிட்டு இன்னொரு படம் பிடித்திருக்கலாமே என்று தோன்றும். அது புரிய, அந்தப் படம் என்ன வகை என்று முதலில் தெரிய வேண்டும். பலரும் அதைக் கொலாஜ் என்றே சொல்கிறார்கள். பத்திரிகைப் படங்களைக் கத்தரித்து ஒரு தாளில் ஒட்டிய வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அது ஒரு செட். சினிமாவுக்குப் போடுவது போல ஸ்டூடியோவுக்குள் ஆளுயரத்துக்குக் கட்டி, பீட்டில்ஸ் நால்வரையும் அதன் நடுவே நிற்க வைத்து எடுத்த ஒரே புகைப்படம்.

கட்டியவர்கள் பீட்டர் பிளேக்கும் அப்போது அவர் மனைவியாக இருந்த ஜான் ஹாவர்த்தும். இருவருமே பாப் ஆர்ட், அதாவது சினிமா, விளம்பரம் போன்ற வெகுஜன விஷயங்களையே கலையாக்கும் பாணியின் கலைஞர்கள். ஆல்பத்துக்கு முதலில் ‘தி ஃபூல்’ என்ற டச்சுக் குழு வரைந்த சைகடெலிக் (போதை மயக்கக் காட்சி போன்ற வண்ணக் குழப்பம்) ஓவியம் ஒன்று தயாராக இருந்தது. அது வேண்டாம், உருப்படியான ஓவியர் ஒருவரைப் பிடியுங்கள் என்று சொல்லி பிளேக்கை அழைத்து வந்தவர் கேலரி உரிமையாளர் ராபர்ட் ஃப்ரேசர். பீட்டில்ஸில் ஒருவரான மெக்கார்ட்னி கையில் ஏற்கெனவே சில பேனாக் கிறுக்கல்கள் இருந்தன. ‘சார்ஜென்ட் பெப்பர்’ என்ற கற்பனை பேண்டு, பூக்கடிகாரம் ஒன்றின் முன் மரியாதை வாங்கிக்கொள்வது போன்ற காட்சி. பிளேக் அதைத் திருப்பினார்: பேண்டு பூங்காவில் கச்சேரியை முடித்துவிட்டது, பின்னால் ரசிகர் கூட்டம் நிற்கிறது, இப்போது குரூப் போட்டோ. கட்-அவுட் வைத்துச் செய்தால் அந்தக் கூட்டத்தில் உலகத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம், செத்தவர்களையும் சேர்த்து.

கட்-அவுட் என்றால் நமக்கு விளக்கவே வேண்டாம். நம்மூர் தியேட்டர் வாசல் கட்-அவுட்டின் சின்னத் தம்பிதான் இது. கிடைத்த புகைப்படங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, ஹார்ட்போர்டில் ஒட்டி, உருவத்தின் ஓரத்தோடு அறுத்து எடுத்தார்கள். மூலப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு-வெள்ளை. அவற்றுக்குக் கையால் வண்ணம் ஏற்றியவர் ஹாவர்த். அட்டையில் அந்த முகங்களுக்கு ஒரு பழைய போஸ்ட்கார்டு நிறம் இருப்பதற்குக் காரணம் அதுதான். ஒவ்வொரு மூலப் படமும் வெவ்வேறு வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது என்பதால் பின்வரிசையில் நிழல்கள் ஆளுக்கொரு பக்கம் விழும். நல்ல பிரதி ஒன்றைக் கையில் வைத்துக் கவனித்துப் பாருங்கள்.

அடுக்கிய விதம்தான் இதில் சூட்சுமம். மேல் வரிசையைப் பின்சுவரில் பதித்தார்கள். அடுத்த வரிசை அதற்குச் சுமார் ஆறு அங்குலம் முன்னால். அதற்கடுத்தது இன்னும் ஆறு அங்குலம். இப்படியே படிப்படியாக. எண்பது பேர் நிற்பது போல் தெரியும் கூட்டம் உண்மையில் சில அடி ஆழத்துக்குள் அடங்கிவிட்டது. ஆனால் தட்டையான அட்டை உருவங்களுக்கு முன்னால் நாலு உயிருள்ள மனிதர்களை அப்படியே நிறுத்தினால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரிந்துவிடும். அதனால் இடையில் கனமுள்ள உருவங்களைக் கலந்தார்கள்: லண்டன் மெழுகுச் சிலைக் காட்சியகமான மேடம் துஸ்ஸாட்ஸிலிருந்து இரவல் வாங்கிய மெழுகுச் சிலைகள், முடிதிருத்தும் கடையில் வைக்கும் பொம்மைத் தலைகள், ஹாவர்த் துணியில் தைத்த உருவங்கள். இடப்பக்கம் கறுப்பு சூட்டில் சோகமாக நிற்கும் ‘பழைய’ பீட்டில்ஸ் நால்வரும் அந்த மெழுகுச் சிலைகள்தான். வலப்பக்க ஓரத்தில் ‘வெல்கம் தி ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்று இன்னொரு இசைக்குழுவை வரவேற்று எழுதிய சட்டை போட்டிருக்கும் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள், ஹாவர்த்தின் துணிப் பொம்மை. சட்டை கூப்பரின் சின்ன மகனுடையது. தட்டையிலிருந்து முழு உருவத்துக்குக் கண் சறுக்கிக்கொண்டே வரவேண்டும், எல்லை எங்கே என்று பிடிபடக் கூடாது என்பது ஹாவர்த்தின் கணக்கு. அட்டையைப் பற்றிப் பேசும் முக்கால்வாசிப் பேர் பிளேக் பெயரோடு நிறுத்திக்கொள்வது அநியாயம். கிராமி விருது இருவருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது.

‘பீட்டில்ஸ்’ என்று பூவால் எழுதியதும் ஹாவர்த்தின் யோசனை. பெயரைத் தனியாக அச்சிடாமல் படத்துக்குள்ளேயே கொண்டுவர நினைத்தார். ஹாமர்ஸ்மித்தில் இருந்த நகராட்சிப் பூக்கடிகாரம் அதற்கு மாதிரி. பூ கொண்டுவந்து இறக்கிய பையன் தானும் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டு, மஞ்சள் ஹயசிந்த் பூக்களில் ஒரு கிடார் செய்துவைத்தான். அதுவும் படத்தில் இருக்கிறது. பூக்களோடு வைத்த செடிகள் கஞ்சா என்று ஐம்பது வருடமாக ஒரு வதந்தி ஓடுகிறது. அவை பெப்பரோமியா, நர்சரியில் வாங்கிய சாதாரணத் தொட்டிச் செடி. நடுவில் உள்ள பெரிய முரசின் தோலை எழுதியவர் ஜோ எஃப்கிரேவ் என்ற திருவிழாப் பெயின்டர். அந்தத் தோல் 2008-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 5,41,250 பவுண்டுக்குப் போனது. மொத்த அட்டைக்கும் பிளேக்குக்குக் கொடுத்த சம்பளம் 200 பவுண்ட், ராயல்டி கிடையாது. இதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

செட் கட்ட இரண்டு வாரம் ஆனது. பீட்டில்ஸ் வந்து, சாட்டின் சீருடை மாட்டி, முன்னட்டை, உள்மடிப்பு, பின்னட்டை மூன்றுக்கும் நின்று கொடுத்தது மூன்று மணி நேரம்தான்.

இனி யார் யார் நிற்கிறார்கள் என்ற விஷயம். லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் பட்டியல் கொடுத்தார்கள். மற்றவர்கள் சொல்வது எதுவானாலும் சரி என்று ரிங்கோ ஒதுங்கிக்கொண்டார். பிளேக், ஹாவர்த், ஃப்ரேசர் மூவரும் தங்கள் பங்குக்குச் சேர்த்தார்கள். ஹாரிசன் கேட்டது முழுக்க இந்தியக் குருமார்கள். மேல்வரிசையில் இடது கோடியில் முதல் ஆள் ஸ்ரீ யுக்தேஸ்வர் கிரி. அதற்குக் கீழ் வரிசையில் எழுத்தாளர் வில்லியம் பரோஸுக்கும் காமெடியன் ஸ்டான் லாரலுக்கும் இடையே மகாவதார் பாபாஜி. ஆமாம், ரஜினி புண்ணியத்தில் நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த, பரங்கிப்பேட்டையில் பிறந்தவர் என்று ஒரு மரபு சொல்லும் அதே பாபாஜி. அதே வரிசையில் ஹெச்.ஜி.வெல்ஸுக்குப் பக்கத்தில் பரமஹம்ச யோகானந்தர். லாஹிரி மகாசயரும் உண்டு. கீழே முன்பக்கம், பூக்களை ஒட்டி, ஒரு சின்ன லட்சுமி பொம்மை.

லெனன் ஏசுவையும் ஹிட்லரையும் கேட்டார். ‘ஏசுவைவிட நாங்கள் பிரபலம்’ என்று அவர் சொன்னதற்காக 1966-இல் அமெரிக்காவில் ரெக்கார்டுகளைக் கொளுத்தியிருந்தார்கள். அந்தச் சூடு ஆறாததால் ஏசு வேண்டாம் என்றானது. ஹிட்லருக்குக் கட்-அவுட்டே செய்துவிட்டார்கள். ஆனால் அட்டையில் உங்கள் கண்ணுக்கு அகப்பட மாட்டார்.

சிக்கல் ஆல்பத்தை வெளியிட்ட இ.எம்.ஐ. ரெக்கார்டு நிறுவனத்தின் தலைவர் சர் ஜோசப் லாக்வுட்டிடமிருந்து வந்தது. உயிரோடிருப்பவர்கள் வழக்குப் போட்டால் என்ன செய்வது? ஒவ்வொருவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கச் சொன்னார். பீட்டில்ஸின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டைனின் முன்னாள் உதவியாளரைப் பிடித்து, உலகம் முழுக்கக் கடிதம் போட வைத்தார்கள். ஆல்பத்தின் முழுப்பெயரில் ‘லோன்லி ஹார்ட்ஸ் கிளப்’ என்று வரும் அல்லவா, ‘தனிமையில் வாடுவோர் சங்கத்தில் எனக்கென்ன வேலை’ என்ற தொனியில் நடிகை மே வெஸ்ட் மறுத்தார். நால்வரும் சேர்ந்து கடிதம் எழுதிய பிறகே இறங்கிவந்தார். நடிகர் லியோ கார்சி 400 டாலர் கேட்டார். கொடுக்கவில்லை, அழித்துவிட்டார்கள். மேல்வரிசையில் நடிகர் ஹன்ட்ஸ் ஹாலுக்கு இடப்பக்கம் தலை இல்லாமல் நீலமாக ஓர் இடைவெளி தெரியும், அது கார்சியின் இடம்.

காந்தி விஷயத்தில் வழக்குப் பயம் இல்லை, வியாபாரப் பயம். பாட்டுக்காரர் கூட்டத்தில், நடிகை டயானா டோர்ஸின் மெழுகுச் சிலைக்குச் சற்றுத் தள்ளி காந்தி உட்கார்ந்திருந்தால் இந்தியாவில் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள், அங்கே அட்டையை அச்சிடவே முடியாமல் போகும் என்றார் லாக்வுட். ஹெச்.எம்.வி. முத்திரையோடு இந்திய ரெக்கார்டு சந்தையைக் கையில் வைத்திருந்ததே இ.எம்.ஐ.யின் கிளை நிறுவனம்தான். அதனால் அவர் அசையவில்லை, மெக்கார்ட்னி விட்டுக்கொடுத்தார். குருமார்கள் நால்வரையும் லட்சுமியையும் யாரும் தொடவில்லை என்பது வேடிக்கை.

இப்போது, ஏன் இன்னொரு படம் பிடிக்கவில்லை என்ற கேள்விக்குத் திரும்பினால், செட்டை மறுபடி கட்டுவது நடக்கிற காரியமில்லை. சாதாரண அட்டைக்கு ஐம்பது பவுண்ட் ஆகிற காலத்தில் இதற்கு ஏறக்குறைய 3,000 பவுண்ட் ஏற்கெனவே போய்விட்டது. மெழுகுச் சிலைகள் இரவல், பூக்கள் வாடிவிடும். கணினி இல்லாத காலத்தில் மிச்சமிருந்த ஒரே வழி, எடுத்த படத்தின் மேல் தூரிகையால் மூடுவது. கார்சி மேல்வரிசையில் இருந்ததால் வெறும் நீலத்தைப் பூசினால் போதும். காந்தி கூட்டத்துக்கு நடுவே இருந்தார், அங்கே வெற்றிடம் விட்டால் ஓட்டை மாதிரித் தெரியும். பக்கத்தில் செடி இருந்தது வசதியாகப் போயிற்று, ஓலையை நீட்டிவிட்டார்கள். அன்று எடுத்த மற்ற படங்கள் சில பின்னாளில் வெளிவந்தன, அவற்றில் காந்தியை முழுசாகப் பார்க்கலாம்.

இதையெல்லாம் போன் திரையிலோ சிடி அட்டையிலோ தேடாதீர்கள். 12 அங்குல எல்.பி. இசைத்தட்டு உறைக்காகச் செய்த படம் இது, சிடி அளவில் பாபாஜி ஒரு புள்ளி. பழைய எல்.பி. வாங்குவதானால் உள்ளே மீசை, சார்ஜென்ட் பட்டை, பேட்ஜ் எல்லாம் அச்சிட்ட வெட்டியெடுக்கும் அட்டை ஒன்று முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். பல வீட்டுக் குழந்தைகள் 1967-லேயே அந்த மீசையை வெட்டி மாட்டிக்கொண்டுவிட்டார்கள்.