அரசுத் தரவைத் திருடிவிட்டதாக ஹேக்கர்கள் சொன்னால் நம்பலாமா?

அறிவிப்பை மட்டும் வைத்து நம்பாதீர்கள். அவர்கள் ஆதாரமாக வெளியிடும் மாதிரிக் கோப்புகளில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

2024 ஜூனில் லாக்பிட் என்ற பணப்பறிப்புக் கும்பல், அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்விலிருந்து 33 டெராபைட் தரவை அள்ளிவிட்டதாகச் சொல்லிக் கெடு விதித்தது. கடைசியில் வெளிவந்த கோப்புகளோ எவால்வ் என்ற தனியார் வங்கியினுடையவை! அதே ஆண்டு பிப்ரவரியில்தான் பல நாட்டுக் காவல்துறையினர் சேர்ந்து அந்தக் கும்பலின் சர்வர்களை முடக்கியிருந்தார்கள். போன பெயரை மீட்க அதற்குப் பெரிய இரை ஒன்று தேவைப்பட்டது என்பது என் கணிப்பு. ஆனால் கும்பல் புளுகியதால் எவால்வ் வாடிக்கையாளர்களின் இழப்பு இல்லையென்று ஆகிவிடாது. அவர்களுடைய விவரங்கள் உண்மையிலேயே பறிபோயின.

மாதிரியில் கடைசிப் பதிவின் தேதி என்ன? பழைய கசிவுகளில் வந்த அதே மின்னஞ்சல்களா? அந்தத் துறையே பொதுவில் வெளியிட்ட பட்டியலா? பெரும்பாலான பொய்கள் இங்கேயே உடைந்துவிடும்.

அரசின் முதல் அறிக்கையையும் முழுதாக நம்ப வேண்டியதில்லை. 2015 ஜூனில் அமெரிக்க அரசுப் பணியாளர் அலுவலகம் 42 லட்சம் பேரின் தரவு போனதாகச் சொன்னது. அடுத்த மாதமே, பின்னணி விசாரணைக் கோப்புகளில் இருந்த 2.15 கோடிப் பேரின் விவரங்களும் போனது தெரியவந்தது. அவற்றில் 56 லட்சம் பேரின் கைரேகைகளும் அடக்கம். கடவுச்சொல்லைப் போல அவற்றை மாற்றிக்கொள்ள முடியாது.