பம்பு ஃபிளாஞ்சில் போல்ட் போடும் முன்: கேள்வி பதில்

கேள்வி: குழாய்க்கும் பம்பு ஃபிளாஞ்சுக்கும் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) நடுவில் 6 மி.மீ. கூடுதல் இடைவெளி நிற்கிறது சார். செயின் பிளாக் போட்டு இழுத்து முறுக்கிவிடலாம் என்கிறார் ஃபிட்டர். செய்யலாமா?

வேண்டாம். இழுத்துக் கட்டிய குழாய் ஸ்பிரிங் மாதிரி, பழைய இடத்துக்குப் போகத் துடித்துக்கொண்டே இருக்கும். அந்த விசையில் பம்பின் உடல் திருகும், மோட்டார் தண்டையும் பம்பு தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் அலைன்மென்ட் (நேர்கோட்டு அமைவு) கெடும், தண்டு ஓரம் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலும் பேரிங்கும் சீக்கிரமே போய்விடும். அடிக்கடி சீல் மாற்றுகிறோம் என்று யாராவது சொன்னால், நான் முதலில் ஃபிளாஞ்சு போல்ட்டைத்தான் தளர்த்திப் பார்ப்பேன். குழாய் துள்ளி விலகினால் காரணம் கிடைத்துவிட்டது.

இரண்டு முகங்களும் இணையாக நிற்க வேண்டும். போல்ட்டுகள் கையால் தள்ளினாலே துளையில் நுழைய வேண்டும். இல்லையென்றால் குழாயை வெட்டித் திரும்ப வெல்டு செய்யுங்கள். ஒரு நாள் வேலை போகும், போகட்டும். அப்புறம், வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்தில் குழாயிலேயே மாட்டுங்கள். பம்பில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியே பாய்ந்து அதில் குழி விழுந்துவிடும்.

கேள்வி: முறுக்கிய பிறகு பம்பின் மேல் குழாயின் பளு விழுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மோட்டாரின் மெயின் ஸ்விட்சை அணைத்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கப்ளிங்கில் மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என, நுண்ணிய நகர்வைக் காட்டும் டயல் கேஜ் வைத்து, ஃபிளாஞ்சுகளை ஒவ்வொன்றாக முறுக்குங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது என்கிறது ஏபிஐ 686 (இயந்திரங்களை நிறுவுவதற்கான அமெரிக்க பெட்ரோலியத் துறை வழிகாட்டி). நகர்ந்தால் குழாயைச் சரிசெய்யுங்கள். மோட்டாரை நகர்த்திச் சமாளிக்காதீர்கள்.

கேள்வி: சக்‌ஷன் ரெடியூசரின் (பம்புக்குத் தண்ணீர் வரும் குழாயின் விட்டத்தைக் குறைக்கும் துண்டு) தட்டைப் பக்கம் மேலேயா, கீழேயா?

தொட்டி பம்புக்குக் கீழே இருந்தால் தட்டைப் பக்கம் மேலே. மாற்றி வைத்தால் அந்த மேட்டில் காற்று தங்கி, பம்பால் தண்ணீரை இழுக்க முடியாமல் போய்விடும். அதே காரணத்துக்காக, சக்‌ஷன் குழாயும் பம்பை நோக்கி லேசாக ஏறிக்கொண்டே வர வேண்டும். பம்பின் வாயை ஒட்டி எல்போ வைக்காதீர்கள். குழாய் விட்டத்தைப் போல 5 முதல் 10 மடங்கு நேர்க்குழாய் விடுவது வழக்கம்.

கேள்வி: டெலிவரியில் (தண்ணீர் வெளியேறும் பக்கம்) தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு முதலிலா, கேட் வால்வு முதலிலா?

பம்பு, செக் வால்வு, கேட் வால்வு. கேட்டை மூடினால்தான் செக் வால்வைக் கழற்ற முடியும்.

கேள்வி: ரப்பர் பெல்லோஸ் (வளைந்து கொடுக்கும் இணைப்பு) போட்டுவிட்டால் குழாய் கோணலாக இருந்தாலும் தாங்கும்தானே?

கோணலை மறைக்க பெல்லோஸ் போடுவது மிகக் கெட்ட பழக்கம். அழுத்தம் ஏறியதும் பெல்லோஸ் நீளப் பார்க்கும். 150 மி.மீ. விட்டத்தில் 10 பார் என்றால் குழாயின் குறுக்குப் பரப்பை மட்டும் வைத்துக் கணக்கிட்டாலே ஏறத்தாழ 1.8 டன் விசை. கட்டுப்பாட்டுக் கம்பிகளோ குழாயில் உறுதியான ஆங்கரோ இல்லையென்றால் அவ்வளவும் பம்பு ஃபிளாஞ்சின் மேல்தான். குழாய்க்கும் வால்வுக்கும் தனித்தனி சப்போர்ட் கொடுங்கள்.

கேள்வி: முதல் ஓட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சக்‌ஷன் வால்வு முழுதும் திறந்திருக்க வேண்டும், பம்பிலிருந்து காற்றை வெளியேற்றியிருக்க வேண்டும். டெலிவரியை மூடியபடி வெகுநேரம் ஓட்டாதீர்கள். உள்ளே தண்ணீர் கொதிக்கும். இரண்டு வால்வும் மூடியிருக்க மோட்டார் ஓடினால் பம்பே வெடித்துச் சிதறலாம்.