மாமா ஓட்டிய கவச வண்டியை ஏலத்தில் எடுக்கலாமா?

கேள்வி: நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். வயது 54, தனியார் வேலை, மாதச் சம்பளம் 52,000 ரூபாய். என்னை வளர்த்தவர் என் தாய்மாமா. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பனார் ஏ.எம்.எல். என்ற கவச வண்டியை ஓட்டியவர். போன வருடம் காலமாகிவிட்டார். பிரான்சில் அதே மாடல் வண்டி ஒன்று ஏலத்துக்கு வருகிறது. பீரங்கியைச் செயலிழக்க வைத்திருக்கிறார்கள். ஆரம்ப விலை 18,000 யூரோ. என் சேமிப்பு 34 லட்சம் ரூபாய், எல்லாம் எஃப்.டி.யில். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வண்டியைக் கொண்டுவந்து ஈ.சி.ஆர். பக்கம் கல்யாண போட்டோ ஷூட்டுக்கு வாடகைக்கு விட்டால் மாதம் 20,000 வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். பழைய வண்டி என்பதால் விலையும் ஏறும்தானே? எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஏலத்துக்குப் பெயர் பதிவு செய்திருந்தால் இன்றைக்கே விலகிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆசையை நான் குறைவாக நினைக்கவில்லை. பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில், போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் பதக்கம் குத்திய கோட்டோடு வந்து நிற்கும் சொல்தாக்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வரிசையில் உங்கள் மாமாவும் நின்றிருப்பார். அவருக்காக எதையாவது செய்யத் தோன்றுவது நியாயம்தான். ஆனால் இந்த வண்டி வீடு வந்து சேராது என்பதுதான் என் கவலை.

பீரங்கி வேலை செய்யாது, அதனால் இது வெறும் பழைய வண்டி என்று நினைக்கிறீர்கள். சுங்கத்துறை அப்படிப் பார்க்காது. டாங்கிகளுக்கும் கவசப் போர் வண்டிகளுக்கும் சுங்கப் பட்டியலில் 8710 என்று தனித் தலைப்பே இருக்கிறது. ‘ஆயுதம் பொருத்தியிருந்தாலும் இல்லாவிட்டாலும்’ என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பீரங்கியை அடியோடு கழற்றி எறிந்தாலும் அது கார் ஆகாது. பயன்படுத்திய பழைய பொருள்கள் பலவற்றை இறக்குமதி செய்யவும், வெளிநாட்டு வர்த்தகத்தைக் கவனிக்கும் மத்திய அரசு அலுவலகமான டி.ஜி.எஃப்.டி.யின் முன் அனுமதி வேண்டும். ஆயுத பாகம் ஏதாவது வண்டியில் மிச்சமிருந்தால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் குறுக்கே வரும். தனி ஆள் ஒருவர் போட்டோ ஷூட்டுக்கு என்று கேட்டு இத்தனை அனுமதியும் கைக்கு வரும் என்று நம்பிப் பணத்தை இறக்க முடியாது.

அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஏலத்தில் சுத்தியல் உங்கள் பெயருக்கு விழுந்த நிமிடமே விற்பனை முடிந்துவிட்டது என்று அர்த்தம். பணம் கட்டாவிட்டால் வண்டியை மறுபடி ஏலம் விடலாம். குறைந்த விலைக்குப் போனால் அந்த வித்தியாசத்தை உங்களிடமே கேட்கலாம். கட்டினாலும் வண்டியை எடுக்க முடியாமல், அங்கே கிடக்கும் நாளுக்கெல்லாம் வாடகை ஏறும்.

18,000 யூரோ என்பதும் ஆரம்ப விலைதான். போட்டியே இல்லாமல் அதே விலைக்குக் கிடைத்தாலும், ஏலக் கூடத்தின் கட்டணம் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ வரும். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே 22 லட்சம் ஆகிவிடுகிறது. அது ஐந்தரை டன் இரும்பு. துறைமுகம் வரை லோ பெட் லாரி, கப்பல் கூலி, சுங்க வரி எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. அந்த 22 லட்சம் 7 சதவீத வட்டியில் இருந்தால் வருடத்துக்கு 1,54,000 ரூபாய் தரும். மாதம் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு சொச்சம், நீங்கள் ஒரு வேலையும் செய்யாமல்.

சரி, வாடகை? அதுவும் நடக்காது. 2021-இல் வந்த விண்டேஜ் வண்டி விதிகளின்படி, 50 வருடம் தாண்டிய வண்டியை 20,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்யலாம். பதிவு 10 வருடத்துக்குச் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பது, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வணிகத்துக்குக் கூடாது. ராணுவ வண்டிதான் வேண்டும் என்று ஜபல்பூரில் செய்த ஜோங்கா ஜீப்பை வாங்கி இந்தப் பதிவு எடுத்தாலும் இதே விதிதான். ஜோங்காவுக்கு இறக்குமதித் தொல்லை இல்லை, உள்ளூரிலேயே கிடைக்கும். ஆசை அடங்கவில்லை என்றால் அதைப் பாருங்கள். ஆர்.சி. புத்தகம் சரியாக இருக்கும் வண்டியாக, ரிப்பேர் செலவோடு சேர்த்து 3 லட்சத்துக்குள். அரசுத் துறைகள் கழித்த பொருள்களை விற்கும் எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் மின் ஏலத்தில் நேராக எடுப்பதாக இருந்தால், அங்கே ‘இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில்’ என்பதுதான் நிபந்தனை. பிறகு எஞ்சின் ஓடவில்லை என்று போய் நிற்க முடியாது.

விலை ஏறும் என்பதை நம்பி எதையும் செய்யாதீர்கள். விற்க நினைக்கும் அன்று வாங்க ஆள் வேண்டும். நம் ஊர் உப்புக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று உங்கள் வீட்டு கேட்டைப் பார்த்தாலே தெரியும். தானே, ஃபெஞ்சல் புயல்கள் இரண்டையும் பார்த்த ஊரில் அதை வெட்டவெளியில் நிறுத்த முடியாது. ஷெட் போட வேண்டும், அதற்கும் செலவு.

முதலில் மகளின் படிப்புக்கு 10 லட்சத்தைத் தனி எஃப்.டி.யாகப் பிரியுங்கள். அவள் கல்லூரி சேரும் மாதத்துக்கு முன்னால் முதிர்வடையும்படி போடுங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கு 3 லட்சத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி வையுங்கள். மிச்சத்தில் 4 லட்சம் மாமாவுக்கு. முதலீடு என்று பெயர் வைக்காமல், செலவு என்று தெரிந்தே ஒதுக்குங்கள்.

அந்தப் பணத்தில் அத்தையை அழைத்துக்கொண்டு பிரான்ஸ் போய் வாருங்கள். லுவார் நதிக்கரையில் சோமூர் என்ற ஊரில் கவச வாகனங்களுக்கென்றே பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது. பனார் வண்டிகளை அங்கே பார்க்கலாம். மாமா எப்படி அந்தச் சின்ன இடத்துக்குள் உட்கார்ந்து ஓட்டினார் என்பது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். அத்தைக்கும் அதைப் பார்க்க ஆசை இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

போவதற்கு முன்னால் ஒரு வேலை. ராணுவத்தில் இருந்தவர்களின் சேவைப் பதிவுகள் பிரான்சில் பாவ் நகரக் காப்பகத்தில் இருக்கின்றன. மாமா எந்தப் படைப்பிரிவில், எந்த வருடம், எங்கே இருந்தார் என்பது அதில் கிடைக்கும். மனைவி என்ற முறையில் அத்தை பெயரில் விண்ணப்பம் போடுங்கள். எழுதுவதற்கு, நம் ஊர் சொல்தாக்கள் கூடும் சங்கமான ஃபொய்யேயில் இருக்கும் பழைய சொல்தாக்கள் யாராவது உதவுவார்கள். மாமாவின் ராணுவ எண் தேவைப்படும், அவருடைய பெட்டியில் பழைய காகிதங்களுக்கு நடுவே தேடுங்கள்.