பழைய காபி மெஷினைச் சூடாவதற்கு முன்பே போய்ப் பாருங்கள்

கேள்வி: பதினைந்து பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம் எங்களுடையது. புதிய காபி வெண்டிங் மெஷின் கட்டுப்படியாகவில்லை. பழையது வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். நான் இரண்டு வாங்கியிருக்கிறேன். முதலாவது எட்டே மாதத்தில் பழைய இரும்புக்குப் போனது. இரண்டாவது ஆறாவது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் முதலாவதுதான் வயது குறைந்தது, பார்க்கவும் பளபளவென்று இருந்தது.

அந்த முதல் மெஷினைப் பார்க்கப் போனபோது விற்பவர் அதை முன்கூட்டியே சூடாக்கித் தயாராக வைத்திருந்தார். பொத்தானை அழுத்தினேன், ஆவி பறக்க ஒரு கப் வந்தது. ருசியும் பரவாயில்லை. பணத்தைக் கொடுத்துத் தூக்கி வந்துவிட்டேன். எங்கள் இடத்தில் முதல் தடவை பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆன் செய்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. சூடாக அரை மணி நேரம் பிடித்தது. பாய்லருக்குள் கடகடவென்று சத்தம். சில நாள் காலையில் சுவிட்சைப் போட்டதுமே ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்து மொத்த அறையும் இருட்டாகிவிடும். மெக்கானிக் பிரித்துப் பார்த்தால், இரண்டு ஹீட்டரில் ஒன்று செத்துக் கிடந்தது, மற்றொன்றின் மேல் சுண்ணாம்பு போல உப்பு ஏறி விரல் தடிமன் ஆகியிருந்தது.

அதனால் என் முதல் அறிவுரை இதுதான். பார்க்கப் போவதற்கு முன்னால் போன் செய்து, "நான் வரும் வரை ஆன் செய்யாதீர்கள், பாய்லர் ஆறியே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பாய்லர் இருக்கும் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். ஏனென்றால் ஹீட்டரின் முக்கியமான கோளாறு ஒன்று ஆறிய நிலையில்தான் வெளியே வரும். ஹீட்டர் குழாய்க்குள் இருக்கும் காப்புப் பொடி, குழாயில் விரிசல் விட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்போது மின்சாரம் மெஷின் உடம்புக்குக் கசிந்து டிரிப் ஆகும். கொஞ்ச நேரம் சூடானால் ஈரம் காய்ந்து எல்லாம் சரியாகிவிட்டது போல நடிக்கும். சூடான மெஷினைப் பார்த்தால் இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. சோதிக்கும் இடத்தில் ஆர்.சி.சி.பி.யும் சரியான எர்த்தும் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். இல்லாத இடத்தில் டிரிப் ஆகவில்லை என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

அப்புறம், சூடாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். கணக்கு சுலபம். 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வேண்டும். 2 லிட்டர் பாய்லர், 25 டிகிரியிலிருந்து 90 வரை என்றால் சுமார் 546 கிலோஜூல். பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் 1500 வாட் என்று போட்டிருந்தால் ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல். வெளியே போகும் சூட்டையும் சேர்த்து எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் ஆனால், ஹீட்டரில் ஒன்று வேலை செய்யவில்லை, அல்லது சூடு தாங்காமல் கட்-அவுட் (சூடு எல்லை மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) அடிக்கடி வெட்டிவிடுகிறது. காரணம் எதுவானாலும் செலவு உங்கள் தலையில்தான்.

ஒரு கப் குடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஆட்கள் பதினைந்து பேரும் இடைவேளையில் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். 100 மில்லி தண்ணீரைச் சூடாக்க 1500 வாட் ஹீட்டருக்குச் சுமார் 18 வினாடி ஆகும். பாய்லரில் தேங்கியிருக்கும் சூடு தீர்ந்த பிறகு அந்த ஹீட்டர் உள்ள எந்த மெஷினாலும் அதற்கு மேல் வேகமாகக் கொடுக்க முடியாது. எனவே விற்பவர் முகம் சுளித்தாலும் சரி, தொடர்ந்து பதினைந்து கப் எடுங்கள். சமையலறைத் தெர்மாமீட்டரைக் கையோடு கொண்டுபோய் முதல் கப், எட்டாவது, பதினைந்தாவது மூன்றிலும் வைத்துப் பாருங்கள். பத்து டிகிரிக்கு மேல் இறங்கினால் நான் வாங்க மாட்டேன்.

தண்ணீர் பற்றி இன்னும் கொஞ்சம். உப்புத் தண்ணீரில் ஓடிய மெஷின் என்றால், "சிட்ரிக் அமிலம் போட்டுச் சுத்தம் செய்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்பார்கள். பாதி உண்மை. படிவு லேசாக இருந்தால் சரியாகும். வருடக்கணக்கில் ஏறியது என்றால் செதில் செதிலாகக் கழன்று, மின்சாரத்தால் திறந்து மூடும் சாலினாய்டு வால்வுகளில் போய் அடைத்துக்கொள்ளும். அதுவரை படிவே அடைத்துவைத்திருந்த ஓட்டைகளும் திறந்துகொள்ளும். டார்ச் அடித்து வால்வு இணைப்புகளைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அங்கே கசிந்திருக்கிறது என்று பொருள். நேர் எதிரான ஒரு சங்கடமும் உண்டு. சில மெஷின்களில் பாய்லர் நிரம்பியதை ஓர் உலோகக் கம்பி, தண்ணீரில் மின்சாரம் பாய்வதை வைத்துத்தான் அறிகிறது. உப்பே இல்லாத, அளவுக்கு மீறி வடிகட்டிய தண்ணீர் ஊற்றினால் அதற்குத் தண்ணீர் இருப்பதே தெரியாது. அதனால் உங்கள் இடத்துத் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துப்போய் அதிலேயே சோதியுங்கள்.

எந்த வகை மெஷின்? பதினைந்து பேருக்கு பிரீமிக்ஸ் பவுடர் (காபி, பால் பவுடர், சர்க்கரை முன்பே கலந்தது) மெஷின் போதும். கொட்டையை அரைத்துத் தரும் மெஷினில் காபி நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் கிரைண்டர், பம்ப், காபி இறக்கும் பகுதி என்று தேயும் உறுப்புகள் அதிகம். பழையதாக வாங்கினால் அரைக்கும் தட்டுகளையும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் உடனே மாற்ற நேரலாம். பச்சைப் பால் குழாய் வழியாக ஏறும் மெஷினைப் பழையதாக வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் குழாய்க்குள் யார் எப்படிக் கழுவினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பவுடர் மெஷினில் கண் வைக்க வேண்டிய இடம், பவுடரும் வெந்நீரும் சேரும் மிக்ஸிங் கிண்ணம். அதைக் கழற்றச் சொல்லுங்கள், அதற்குக் கருவி எதுவும் தேவைப்படாது. பின்னால், பவுடரைக் கலக்கும் விப்பர் மோட்டாரின் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கும். அதற்குக் கீழே பழுப்பு நிறத்தில் வழிந்து காய்ந்த தடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இனிப்புத் தண்ணீர் மோட்டாருக்குள் போயிருக்கிறது. சீல் மலிவான சாமான்தான், மோட்டார் அப்படி இல்லை. கிண்ணத்தை முகர்ந்தும் பாருங்கள். புளித்த வாடை அடித்தால் அந்த மெஷினைத் தினமும் யாரும் கழுவவில்லை. சுத்தம் செய்யாதவர் உப்பை மட்டும் எடுத்திருப்பாரா என்ன?

பவுடர் அளவு சீராக வருகிறதா என்பதற்குச் சின்ன டிஜிட்டல் தராசு போதும். தண்ணீர் இல்லாமல் பவுடரை மட்டும் தள்ளும் சோதனை முறை பல மெஷின்களில் உண்டு. ஐந்து முறை எடுத்து எடை போடுங்கள். ஒன்றுக்கொன்று ரொம்ப விலகினால் உள்ளே பவுடரைத் தள்ளும் திருகு தேய்ந்திருக்கும், அல்லது டப்பாவில் பவுடர் ஈரம் பட்டுக் கட்டியாகியிருக்கும்.

பின் கதவைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது கரப்பான் பூச்சி. சிரிக்காதீர்கள். சூடு, ஈரம், சர்க்கரை, இருட்டு நான்கும் ஒரே பெட்டிக்குள். கன்ட்ரோல் போர்டுக்குப் பின்னால் குடும்பம் நடத்தும்.

காகித விஷயங்கள் சில. பவுடர் சப்ளை செய்பவர்கள் மெஷினை வாடகைக்கோ இலவசமாகவோ வைத்துவிட்டுப் போவது உண்டு. அப்படிப்பட்ட மெஷினை வைத்திருந்தவரே விற்றுவிட்டால் நாளைக்கு உரிமையாளர் உங்கள் வாசலில் வந்து நிற்பார். வாங்கிய ரசீதைக் கேளுங்கள். சர்வீஸ் மெனுவின் பாஸ்வேர்டும் கதவுச் சாவியும் அன்றே கைக்கு வர வேண்டும். கப் எண்ணிக்கை காட்டும் கவுண்டர் இருந்தால் பாருங்கள், ஆனால் போர்டை மாற்றினால் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கக்கூடும், எனவே ரொம்ப நம்ப வேண்டாம். டியூப், சீல், வால்வு எல்லாம் பொதுவாகக் கிடைக்கும். கன்ட்ரோல் போர்டுதான் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும். அது இன்னும் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே ஒரு மெக்கானிக்கிடம் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, வண்டியில் ஏற்றுமுன் பாய்லர் தண்ணீரை முழுக்க வடிக்கச் சொல்லுங்கள், பவுடர் டப்பாக்களைக் கழற்றித் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மெஷினை வாங்கியபோது இத்தனையும் பார்த்த நான், இதை மட்டும் மறந்துவிட்டேன். ஒரு திருப்பத்தில் மெஷின் சாய்ந்து, மிச்சத் தண்ணீரும் பால் பவுடரும் கலந்து உள்ளே வழிந்தோடியது. நல்லவேளை, போர்டு மேலே இருந்தது. எல்லாவற்றையும் துடைத்து இரண்டு நாள் காயவைத்த பிறகுதான் பிளக்கைச் செருகவே துணிந்தேன்.