ஒரே தீவு, இரண்டு கடல்: முட்தோலிகள் (நட்சத்திர மீன், கடல் அட்டை, கடல் முள்ளெலி முதலியவை) கேள்வி பதில்

ராமேஸ்வரம் தீவின் வடகரையில் பார்க்கும் நட்சத்திர மீனும் கடல் அட்டையும் தென்கரையில் அதே அளவில் இல்லை. நடுவே சில கிலோமீட்டர்தானே?
(வாசகர், தங்கச்சிமடம்)

தூரத்தை விடுங்கள், கடலடித் தரையைப் பாருங்கள். வடக்கே பாக் விரிகுடா. பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். கரையோரம் கொஞ்சம் பவளப்பாறை உண்டு. அதைத் தாண்டினால் கடற்புல்லும் சேறு கலந்த மணலும்தான். தெற்கே மன்னார் வளைகுடாவில் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை, அதற்கப்பால் ஆழம். வடகிழக்குப் பருவத்தில் பாக் விரிகுடா கொந்தளிக்கும்; தென்மேற்குப் பருவத்தில் மன்னார் கொந்தளிக்கும்.

மணலைத் தின்று, அதிலுள்ள மக்கிய பொருளைச் செரித்து, மிச்சத்தைக் கழிக்கும் வெள்ளை அட்டை என்ற கடல் அட்டை வகைக்குப் பாறையில் பிழைப்பில்லை. கறுப்பு நீள்முள் கடல் முள்ளெலிக்கோ ஒதுங்கப் பாறை இடுக்கு வேண்டும். நட்சத்திர மீனின் உறவான, கை எளிதில் ஒடியும் நொறுங்குநட்சத்திரம் கல்லின் அடிப்பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும். கல்லைப் புரட்டாதவர் அது இல்லையென்றே எழுதிவிடுவார்.

வெள்ளை அட்டையின் இளம்பருவம் ஏறத்தாழ 2 வாரம் நீரில் மிதக்கும். பிறகு கடற்புல் இலையில் ஒட்டி வளர்ந்து, சில வாரங்களில் மணலுக்கு இறங்கும். வலை வாரிக் கடற்புல்லைப் பிடுங்கிப் போட்ட இடத்தில் பெரிய அட்டை இன்று இருந்தாலும், அடுத்த தலைமுறை ஒட்ட இலை இருக்காது. நாம் கவலைப்பட வேண்டியது இதைத்தான்.

ஆற்றிலும் ஏரியிலும் நட்சத்திர மீன் ஏன் இல்லை?
(மாணவி, பத்தாம் வகுப்பு, திருச்சி)

முட்தோலிகளில் ஏறத்தாழ 7,000 வகை உண்டு; நன்னீரில் வாழ்வது ஒன்றுகூட இல்லை. உடலுக்குள் ஓடும் நீர்க்குழாய்களில் இருப்பது கிட்டத்தட்ட கடல்நீரேதான். உப்பைக் கூட்டிக் குறைக்கச் சிறுநீரகம் போன்ற உறுப்பு கிடையாது. நன்னீரில் போட்டால் உடம்புக்குள் நீர் ஏறிச் செத்துவிடும்.

கல்லூரித் திட்டப்பணிக்காகக் கணக்கெடுத்து, மாதிரியும் சேகரிக்க வேண்டும். எப்படித் தொடங்குவது?
(இளங்கலை விலங்கியல் மாணவர், தூத்துக்குடி)

முதலில் அனுமதி. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளையொட்டி எதையும் எடுக்கக் கூடாது. கடல் அட்டை எல்லாமே 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. உயிருள்ளதோ காய்ந்ததோ, வைத்திருப்பதே குற்றம். வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லையென்றால் படம் எடுப்பதோடு நிறுத்துங்கள்.

கணக்கெடுக்க 50 மீட்டர் கயிறு, 5 மீட்டருக்கு ஒரு முடிச்சு. பிவிசி குழாயில் 1 மீட்டர் சதுரச் சட்டம். குழாயில் துளை போடாவிட்டால் மிதக்கும். அமாவாசை, பௌர்ணமியையொட்டி நீர் நன்றாக வற்றும்போது, முடிச்சுக்கு ஒரு சட்டம் வைத்து எண்ணுங்கள். மணலா, சேறா, புல்லா, கல்லா என்பதையும் ஆழத்தையும் நேரத்தையும் அங்கேயே எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காத சட்டத்துக்கு 0 போடுங்கள். அதை விட்டால் சராசரி பொய்யாகிவிடும். வெள்ளை அட்டை பொதுவாகக் காலையில் புதைந்து கிடக்கும், பிற்பகலில்தான் வெளிவரும். காலையில் மட்டும் போனவரின் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். புரட்டிய கல்லைப் பழையபடியே கவிழ்த்து வையுங்கள். அடியில் இருப்பவை வெயில் தாங்காது.

அனுமதியோடு எடுத்த அட்டையை நேரே ஆல்கஹாலில் போடாதீர்கள். சுருண்டு குடலைக் கக்கிவிடும். 1 லிட்டர் நன்னீரில் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு படிகம் கரைத்து, அதே அளவு கடல்நீர் சேர்த்து, தொட்டால் அசையாத வரை அதில் விடுங்கள். பிறகு ஆல்கஹால், மறுநாள் புதிது மாற்றுங்கள், உடம்பின் நீர் அதை நீர்க்கச் செய்திருக்கும். ஃபார்மலின் வேண்டாம். அதன் அமிலம் தோலிலுள்ள சுண்ணாம்புத் துகள்களைக் கரைத்துவிடும், வகையைச் சொல்வதோ அந்தத் துகள்கள்தான்.

அவற்றைப் பார்க்க, 2 மில்லிமீட்டர் தோலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பிளீச்சிங் திரவம் சில சொட்டு விடுங்கள். சதை கரைந்ததும் நான்கைந்து முறை நன்னீரில் கழுவுங்கள். கழுவாவிட்டால் பிளீச்சின் உப்புப் படிகமே துகள்போலத் தெரிந்து ஏமாற்றும். வெள்ளை அட்டையில், துளைத்த தட்டின்மேல் குட்டிக் கோபுரம் நிற்பதுபோல ‘மேசை’களும், குமிழ் பதித்த ‘பொத்தான்’களும் தெரியும். அழகான காட்சி அது!

சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரையும். இடம் எழுதாத மாதிரி எந்த அருங்காட்சியகத்துக்கும் உதவாது.

கடல் முள்ளெலி குத்திக் கால் கறுத்துவிட்டது. ஊசியால் தோண்டலாமா?
(வாசகி, கன்னியாகுமரி)

தோண்டாதீர்கள். முள் சுண்ணாம்பாலானது, உள்ளேயே நொறுங்கும். வெளியே நீட்டியதை மட்டும் சாமணத்தால் நேராக இழுங்கள். குத்துப்படாத கையால் சூடு பார்த்து, பொறுக்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் காலை வையுங்கள். கறுப்பெல்லாம் முள்ளல்ல; பெரும்பாலும் சாயம், ஓரிரு நாளில் மங்கும். மங்காவிட்டாலோ, மூட்டருகே குத்தியிருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள்.

வலையில் அட்டை தானாக ஏறிவிட்டால்?
(மீனவர், மண்டபம்)

உடனே கடலில் விடுங்கள். வாளியில் நெருக்கிப் போட்டால் நீர் சூடேறிக் குடலைக் கக்கிவிடும், பிறகு விட்டாலும் பிழைப்பது சந்தேகம். வெள்ளை அட்டையைப் பாறைமேல் விடாமல், வலை இழுத்த இடத்திலேயே மணல் தரையில் விடுங்கள்; அது புதைந்துகொள்ளும்.