ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்த சினை மாட்டை விற்றுவிடலாமா?

கேள்வி: நாலு கறவை மாடு வைத்திருக்கிறேன். வாங்க வந்தவர் கேட்டார் என்று எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், ரெண்டாம் ஈத்து மாடு ஒன்றுக்குக் கன்று வீச்சு நோய் (சினையைக் கலைக்கும் புருசெல்லோசிஸ்) பாசிட்டிவ். நாலு மாதச் சினை. எங்கள் கொட்டகையில் இதுவரை எந்த மாடும் கன்று வீசியதில்லை, வெளி மாடு வாங்கியும் பல வருஷம் ஆகிறது. சந்தையில் தள்ளிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். நோய் இருந்தால் அதை இன்னொருவர் கொட்டகைக்கு அனுப்புகிறீர்கள், இல்லையென்றால் நல்ல மாட்டை அடிமாட்டு விலைக்கு இழக்கிறீர்கள்.

உங்களுக்குச் செய்தது ரோஸ் பெங்கால் சோதனையாக இருக்கும். ஒரு சொட்டு சீரத்தோடு (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்) சாயமேற்றிய கிருமிக் கரைசல் ஒரு சொட்டைக் கலந்து ஆட்டி, நாலு நிமிஷத்துக்குள் திரிதிரியாகத் திரள்கிறதா என்று பார்ப்பார்கள். நல்ல சோதனைதான், ஆனால் இந்த நோய்க்கான எஸ்-19 தடுப்பூசி போட்ட மாட்டிலும் சில சமயம் திரளும்.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். நோயுள்ள 100 மாட்டில் 90-ஐ இது பிடிக்கிறது, நோயில்லாத 100-இல் 5-ஐத் தவறாகக் காட்டுகிறது என்று வைப்போம். உங்களுடையதைப் போல கன்று வீசாத, வெளி மாடு வராத கொட்டகைகளில் 1000 மாட்டுக்கு 20-க்குத்தான் நோய் என்றால், பாசிட்டிவ் வரும் 67-இல் 18 மட்டுமே நிஜம், அதாவது நாலில் ஒன்றுக்குச் சற்று மேல். அதே மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசியிருந்து, அப்படிப்பட்ட 1000-இல் 300-க்கு நோய் என்றால், பாசிட்டிவ் வந்த 305-இல் 270 நிஜம்! சோதனை ஒன்றுதான், கொட்டகையின் கதைதான் வேறு. தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியார் இறந்த பிறகு, 1763-இல் அச்சான அவருடைய கணக்கு முறை இது.

அதனால் கால்நடை மருத்துவரிடம் எலிசா என்ற வேறு வகை ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். ரோஸ் பெங்காலையே உடனே திரும்பச் செய்தால், முதலில் ஏமாற்றிய காரணமே மறுபடியும் ஏமாற்றும். கன்றாக இருந்தபோது, 4 முதல் 8 மாதத்துக்குள், தடுப்பூசி போட்டதா என்று பார்த்து அதையும் அவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் எலிசாவும் அதில் ஏமாறலாம்.

நாலில் ஒன்று என்பது சின்ன விஷயமில்லை. இந்த நோய் மனிதருக்கும் தொற்றும், அதனால் முடிவு வரும்வரை மாட்டைத் தனியே கட்டுங்கள், பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம், கன்று வீசினால் வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள். வீட்டில் யாருக்காவது விட்டுவிட்டுக் காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் இந்த மாட்டைப் பற்றியும் சொல்லுங்கள்.